சீந்தில் சர்க்கரை எடுத்துப் பார்த்தேன்

வேப்பமரத்தில் ஏற்றிவிட்ட சீந்தில் கொடி இந்தக் கோடையில்தான் கட்டைவிரல் கனத்துக்கு வந்தது. சீந்தில் சர்க்கரை என்பது இந்தத் தண்டிலிருந்து எடுக்கும் மருந்து மாவு. இளந்தண்டில் மாவு தேறாது என்பதால் அதுவரை கத்தி வைக்கவில்லை. வேம்பில் படர்ந்த சீந்திலுக்குத்தான் குணம் கூடுதல் என்பது வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்வது. என் தோட்டத்தில் இருப்பதும் அந்த ஒரே மரம்தான்.

போரில் மாண்ட வானரங்கள் மீது இந்திரன் அமுதம் தெளித்தபோது சிந்திய துளிகளில் சீந்தில் முளைத்தது என்கிறது பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல். அறுத்து வேலியில் மாட்டிய ஒரு துண்டு, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே பச்சை விழுது விட்டுத் தரையைத் தேடுவதைப் பார்த்தபின், கதை கட்டியவர் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஒரு கிலோ தண்டு எடுத்தேன். மேல்தோல் காகிதமாக உரிந்து வருகிறது. அடியில் உள்ள பச்சையையும் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவில் நிறம் ஏறிவிடும். குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி கோடுகள். அம்மியில் நைய இடித்து, நாலு பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் கையால் பிசைந்தால் வழவழவென்று வழுக்குகிறது. நார் வெள்ளையாகும்வரை பிசைந்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அசையாமல் வைத்தேன். மதியத்துக்குள் அடியில் வெளுப்பாக ஒரு படிவு. மேல் தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி தெளியவிட வேண்டும். வெயில் காலத்தில் தெளியவிட்டு மறந்தால் புளித்துவிடும்.

காய்ந்தபின் கிடைத்தது இரண்டு ஸ்பூன். கடையில் மலிவாக விற்கும் சீந்தில் சர்க்கரையில் கிழங்கு மாவு கலப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது. நாக்கில் வைத்தால் லேசான கசப்பு, அவ்வளவுதான். உடல் சூடு, பித்தம், நாள்பட்ட காய்ச்சலுக்கு இதைத் தேனிலோ பாலிலோ கொடுப்பார்கள். ஆனால் இதில் பெரும்பகுதி வெறும் மாவுச்சத்து. கொடியின் கசப்பெல்லாம் சாய்த்த தண்ணீரில் போய்விட்டது. எனக்கென்னவோ மருந்து அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. கஷாயத்தை வற்றக் காய்ச்சி உருட்டும் சம்சமனி வடி என்ற ஆயுர்வேத மாத்திரை அந்தக் கசப்பைத்தானே பிடித்துவைக்கிறது?

சரி, யாராவது செய்வதாக இருந்தால் கொடியை முதலில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக எழுதினார்கள். அதை ஏற்காத ஆயுஷ் அமைச்சகம், இதே இனத்து வேறு கொடியோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்றது. இரு தரப்பில் யார் சொன்னது சரியானாலும், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சாய்த்த தண்ணீரை நான் கொட்டவில்லை. சிறு தீயில் வற்றிக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்கக் கசப்பு வாடை. உருட்டுகிற பதம் வந்ததும் எழுதுகிறேன்.