அம்மாவின் பொருத்தனை: சாந்தோமில் நான்கு ஞாயிறும் ஒரு ராத்திரியும்

எங்கள் பாப்பா இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். 2023 மார்ச் மாதம். எடை 1,150 கிராம். 48 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அதில் ஏதோ ஒரு ராத்திரி, வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த என் அம்மா, சாந்தோம் பேராலயத்து மயிலை மாதாவிடம் ஒரு பொருத்தனை வைத்திருக்கிறார். எங்களுக்கு அது நவம்பர் கடைசியில்தான் தெரிய வந்தது.

“திருவருகைக் காலம் நாலு ஞாயிறும் சாந்தோம் கோயிலுக்கு வந்து உனக்குத் திரி ஏத்துறேன், கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குப் பிள்ளையைக் கொண்டாந்து உன் காலடியில கிடத்துறேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன். நீ வந்தா வா, வராட்டி நான் தனியாப் போயிக்கிறேன்” என்றார். அறுபத்தெட்டு வயசு. ரெண்டு முழங்காலும் தேய்ந்து போனவர். தனியாக எப்படி விடுவது?

அம்மா பிறந்து வளர்ந்தது சாந்தோமில். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாமே அந்தப் பேராலயத்தில்தான். கல்யாணமாகி வேளச்சேரிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் மனசளவில் அந்தப் பங்கை விட்டு அவர் வரவே இல்லை. இயேசுவின் சீடரான தோமையார் கல்லறை மேல் நிற்கிற கோயில், 1545-இல் சவேரியார் நான்கு மாதம் தங்கி மயிலை மாதா முன்னால் முழந்தாளிட்டு ஜெபித்த இடம் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். போர்த்துகீசியர் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் இப்போதைய கோயில் 1896-இல் எழும்பியது. அந்த 155 அடி கோபுரத்துக்குத் தன் பாட்டனுடைய அப்பா கல் சுமந்தார் என்பது அம்மாவின் பெருமை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்டதுதான் திருவருகைக் காலம். அதில் முதல் ஞாயிறு டிசம்பர் 3. சவேரியார் திருநாளும் அன்றுதான் வந்தது. அம்மா அதையே ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். நான்கு ஞாயிற்றுக்கு நான்கு, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று ஐந்து மெழுகுதிரி வாங்கி வீட்டு மாதா முன்னால் வைத்து எடுத்தார். ஒன்றை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு, வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினோம். பாப்பாவை என் கணவர் வீட்டில் பார்த்துக்கொண்டார். வானம் கறுத்துக் கிடந்தது. பீடத்தின் பக்கத்தில், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு திரிகளில் ஊதாத் திரி ஒன்று மட்டும் எரிந்தது. நற்செய்தி, “விழிப்பாயிருங்கள்” என்று முடிந்தது. அம்மா திரி ஏற்றினார். திரும்பி வந்தோம்.

அன்று சாயங்காலம் பிடித்த மழையைச் சென்னையில் யாரும் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல். அந்த ராத்திரி வேளச்சேரியில் தூங்கியவர்கள் யார்? விடிவதற்குள் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடிக்கு எங்களிடம் ஏறி வந்தார்கள். கரண்ட் போனது. போன் செத்தது. தெருவில் படகு போனது. காலையில் கேட்ட நற்செய்தி அப்படியே எங்களைப் பிடித்து உட்கார வைத்ததுபோல இருந்தது.

மூன்றாவது ராத்திரிதான் தாங்க முடியவில்லை. டார்ச் பேட்டரி தீர்ந்தது. இருட்டில் பாப்பா வீறிட்டு அழுகிறாள், நெற்றி வேறு லேசாகச் சுடுகிறது. வீட்டில் இருந்ததெல்லாம் மாதாவுக்கு வைத்த நான்கு திரிகள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவே எழுந்து போனார். சுரூபத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது.

“அவளும் மாட்டுக் கொட்டகையில பிள்ளை பெத்தவதானே. கோவிச்சுக்க மாட்டா” என்று சொல்லிக்கொண்டே திரியைத் தட்டில் சொட்டி நிறுத்தினார். பாப்பா அந்தச் சுடரைப் பார்த்தபடியே அடங்கினாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. கரண்ட் வருவதற்குள் நான்கும் கரைந்துவிட்டன. காய்ச்சல் அடுத்த நாளே விட்டது. மாதாவே, உனக்கு நன்றி. அந்த நான்கு திரிக்கும் சேர்த்து நன்றி.

அதனால் இரண்டாம் ஞாயிறு வெறுங்கையோடு போனோம். வெளியே திரி வாங்கப் போனால், பத்து ரூபாய்த் திரிக்கு முப்பது ரூபாய் என்கிறார் ஒருவர். வாங்காமல் நகர்ந்தால் பின்னாலேயே வந்து மாலை வாங்குங்கள், படம் வாங்குங்கள் என்று அம்மாவின் கையைப் பிடிக்கிறார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஆட்டோக்காரரும் அப்படித்தான், வயசானவர் நடக்க முடியாது என்று தெரிந்ததும் வாய்க்கு வந்ததைக் கேட்டார். புண்ணியத் தலம் என்று வருகிறவர்களிடம் இப்படி நடந்துகொள்வது எந்த ஊரிலும் மாறாதுபோல. மனசு கசந்துதான் உள்ளே போனேன்.

உள்ளே முதல் வாசகம், இறைவாக்கினர் எசாயா. “ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள்.” எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா அந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூசை முடிந்ததும் பேசினோம். வீட்டில் இடுப்பளவு தண்ணீராம். கல்யாணப் போட்டோ முதல் பிள்ளைகளின் சர்டிபிகேட் வரைக்கும் போய்விட்டதாம். “பைபிள் மட்டும் காயுது, மொட்டை மாடியில போட்டிருக்கேன்” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். எந்தத் தெரு, யார் மகள் என்று விசாரித்ததில் அந்த அக்காவின் சித்தியும் அம்மாவும் ஒன்றாகப் புதுநன்மை வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும். அடுத்த ஞாயிறு நாங்கள் போகும்போது எங்களுக்கு அதே பெஞ்சில் இடம் போட்டு வைத்திருந்தார். திரியும் அவரே வாங்கி வைத்திருந்தார்.

அந்த மூன்றாம் ஞாயிறு, 17-ஆம் தேதி, ரோசா நிறத் திரி. மகிழ்ச்சியின் ஞாயிறு. பாடகர் குழுவுக்குக் கூட அன்று குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. பூசைக்குப் பிறகு அம்மா தோமையார் கல்லறைக்கு இறங்க வேண்டும் என்றார். படி இறங்க வேண்டுமே என்று நான் தயங்கினேன். “சின்னப் பிள்ளையில கோயிலுக்குள்ள இருந்தே ஓடி இறங்குவோம், இப்பத்தான் பின்பக்கம் தனி வாசல்” என்று சொல்லியபடி சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அப்போதெல்லாம் தோமையார் திருநாள் டிசம்பர் 21 தானாம். ஜூலை 3-க்கு மாற்றியது பிற்பாடு. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு திருநாள் என்றால் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

கீழே அவ்வளவு அமைதி. மேலே சாந்தோம் நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தம் எதுவும் அங்கே இல்லை. அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உயிர்த்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமையார். பிறகு அம்மா என் காதில் சொன்னார்: “எல்லாரும் இவரைச் சந்தேகத் தோமான்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன்டி. ஆஸ்பத்திரியில டாக்டர் பிள்ளை நல்லாயிருக்குன்னு சொன்னப்ப, தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு நானும் அழுதேன்.”

அந்த ராத்திரியே தெற்கே மழை கொட்டத் தொடங்கியது. தூத்துக்குடியில் பெரியம்மா வீட்டுக்குள் தண்ணீர், இரண்டு நாள் தகவலே இல்லை. அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவின் குரல் போனில் கேட்டதும்தான் சோறு இறங்கியது.

2023-இல் ஒரு விசேஷம் இருந்தது. நான்காம் ஞாயிறே டிசம்பர் 24. காலையில் ஊதா உடையில் திருவருகைக் காலப் பூசை, ராத்திரி வெள்ளை உடையில் கிறிஸ்து பிறப்புப் பூசை. நான்காம் வாரம் என்று ஒரு முழு நாள்கூட இல்லை. அன்று காலை நற்செய்தியில் கபிரியேல் தூதர் மரியாவுக்குச் சேதி சொன்னார். ராத்திரி குழந்தை பிறந்துவிட்டது. அம்மா பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி, “உன்னை மாதிரியே அவசரமா வந்துட்டாருடி” என்றார்.

காலைப் பூசைக்கு வந்து திரி ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய், ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் பாப்பாவோடும் என் கணவரோடும் திரும்ப வந்துவிட்டோம். அப்போதே கூட்டம். கோயில் முழுக்க வெள்ளை விளக்கு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. தப்பில்லை, யார் வந்தாலும் அவர் கோயில்தான். ஆனால் குடிலைக் கும்பிட விடாமல் முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தால் எப்படி? அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் முதல் குடிலை அமைத்தது 1223-இல். சரியாக 800 வருஷம் ஆகிற கிறிஸ்துமஸ் அது. முழங்கால் போட்டுப் பார்ப்பதற்காக அவர் ஆரம்பித்ததை நாம் செல்போன் திரை வழியாகப் பார்க்கிறோம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் அக்கா, அதே பெஞ்ச், அதே இடம். கைக்குழந்தைக்காக இன்னும் இரண்டு பேர் நகர்ந்து கொடுத்தார்கள். நான்கு ஞாயிறும் பாடாமல் வைத்திருந்த வானவர் கீதத்தைக் குருவானவர் தொடங்கியதும் எல்லா மணியும் ஒன்றாக அடித்தன. தூங்கிக்கொண்டிருந்த பாப்பா திடுக்கிட்டு விழித்து, அழப் போகிறாள் என்று பார்த்தால், வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். விசுவாச அறிக்கையில் “உடல் எடுத்து மனிதர் ஆனார்” என்ற இடத்தில் கோயிலே முழந்தாளிட்டது. அம்மாவும் போட்டார். வேண்டாம் என்று சொல்ல வருவதற்குள் போட்டுவிட்டார். எழுப்பிவிடத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது “என் ஆண்டவரே, என் கடவுளே” என்று சொன்னேன். சின்ன வயசிலிருந்து ஒவ்வொரு பூசையிலும் சொல்வதுதான். இது தோமையார் சொன்ன வார்த்தை, அவர் இதோ சில அடி தூரத்தில் படுத்திருக்கிறார் என்று அன்றுதான் உறைத்தது.

பூசை முடிந்து மயிலை மாதாவிடம் போவதற்குள் உயிர் போய் வந்தது. முன்னாலும் தள்ளுகிறார்கள், பின்னாலும் தள்ளுகிறார்கள். பாப்பாவை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நான், அம்மாவைப் பிடித்துக்கொண்டு என் கணவர். இந்த நெரிசலில் பிள்ளையைக் கீழே கிடத்துவதா? கையிலேயே வைத்து வேண்டிக்கொள்ளலாம் அம்மா என்று கெஞ்சினேன். அம்மா கேட்கவில்லை. அப்போது நெற்றியில் குங்குமத்தோடு ஒரு அம்மா, எங்களுக்கு முன்பின் தெரியாதவர், திரும்பிப் பார்த்தார். “வேண்டுதலா?” என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு கையையும் அகல விரித்து, பின்னால் வந்த கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றார். “குழந்தை இருக்கு, ஒரு நிமிஷம் பொறுங்க” என்று அவர் சொன்ன குரலுக்கு அத்தனை பேரும் நின்றார்கள்.

அம்மா தன் பழைய காட்டன் புடவைத் துண்டை விரித்தார். பாப்பாவை அதன்மேல் கிடத்தினார். நான்கு ஞாயிறும் வாய்விட்டு ஜெபித்த அம்மா அப்போது ஒன்றுமே பேசவில்லை. குனிந்து பாப்பாவின் வலது கால் சாக்ஸைக் கழற்றினார். பிறகு இடது கால். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. குதிகால்களை மேலே தூக்கி மாதாவுக்குக் காட்டினார்.

அங்கே பொட்டுப் பொட்டாகத் தழும்புகள் இருக்கும். 48 நாளும் ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடங்கள். கடுகைவிடச் சின்னது. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த இடம் வந்தால் நான் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். அம்மா அந்தத் தழும்புகள் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதுபோல உதடு மட்டும் அசைந்தது. பாப்பாவுக்குக் கூச்சம், காலை உதைத்துச் சிரித்தாள்.

நான் என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தாயே, தாயே என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. நன்றி தாயே. அந்த நர்ஸ்களுக்காக, பெஞ்சில் இடம் போட்ட அக்காவுக்காக, கூட்டத்தைத் தாங்கி நின்ற அந்த முகம் தெரியாத அம்மாவுக்காக. திரும்பி அவரைத் தேடினால், காணோம்.

வெளியே வரும்போது மணி இரண்டு. ஆட்டோ கிடைக்கவில்லை, கிடைத்தவையும் வேளச்சேரி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. முதல் ரயில் வரைக்கும் இருப்போம் என்று வளாகத்திலேயே ஓரமாக உட்கார்ந்தோம். எங்களைப் போலவே எத்தனையோ குடும்பங்கள். யாரோ பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். கடல் காற்று குளிர்ந்தது. பாப்பா அம்மாவின் மடியில் தூங்க, அம்மா அவள் காலைப் புடவைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கிழக்கே லேசாக வெளுக்கும்போது என் கணவர் எழுந்து, கிளம்பலாமா என்றார். அதே நேரம் விடியற்காலைப் பூசைக்கு மணி அடித்தது. அம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து நின்றார்.

“இடையர்கள் வந்து பார்த்த பூசைடி இது. இதையும் பார்த்துட்டே போயிடலாம்” என்று சொல்லிவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே நடந்தார்.