காற்று எந்தப் பக்கம்?

"விழுப்புரத்துல இருந்து ஜம்முனு வந்துச்சு தம்பி. பெருங்களத்தூர் டிராபிக்ல நின்னதும் ஹீட் மீட்டர் முள்ளு ஏறிடுச்சு."

அந்த டாக்ஸிக்காரர் இப்படிச் சொன்னதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். நின்றால் ஹீட் ஏறுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே 'டிக்' என்றது. ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்தேன். அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டாரின் மண்டையில் லேசாக இரண்டு தட்டு. சுற்ற ஆரம்பித்தது. உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ், தேய்ந்துபோய், தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பிரஷ்ஷை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு தூரம் ஓடிய மோட்டாரில் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் கூடவே தேய்ந்திருக்கும்.

கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை. எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டுத்தான் கை வைத்தேன். சாவியை அணைத்த பிறகும் தானாகச் சுற்றும் ஃபேன்கள் உண்டு, விரல் முக்கியம். நாலு போல்ட், கூட்டோடு மேலே வந்துவிட்டது.

புதுப்பேட்டையில் வாங்கிய மோட்டார் அளவில் சரியாக உட்கார்ந்தது, கப்ளர்தான் பொருந்தவில்லை. பழைய கப்ளரை வெட்டி இணைத்தேன். புதியதில் இரண்டு ஒயருமே கறுப்பு. ஒன்றில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். சால்டர் வைத்து, டேப் சுற்றி, எஞ்சினை ஓடவிட்டோம். 95 டிகிரி வாக்கில் ஃபேன் சுற்றியது. சரி என்று காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "முன்னாடி நின்னாத்தான் ஏறும். இப்போ ஏசி போட்டா பைபாஸ்லயே ஏறுது தம்பி."

எனக்குத் தலை சுற்றியது. கூலண்ட் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டா? கூலண்டில் காற்று அடைத்திருக்கிறதா? எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டைச் சொல்லி, 'ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார், ஹெட்டை இறக்கியிருப்பேன், அவருடைய ஒரு மாத வருமானம் போயிருக்கும். எங்கள் தொழிலில் தெரியாததை எல்லாம் அந்த ஒரு பெயரில் போட்டு மூடுகிற பழக்கம் உண்டு.

ஏசியைப் போட்டுவிட்டு பம்பர் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். முட்டியில் சூடான காற்று அடித்தது. அப்படி அடிக்கவே கூடாது. இந்த வண்டியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்கக் காற்றை உள்ளே இழுத்து எஞ்சின் பக்கம் தள்ள வேண்டும். பிளஸ்ஸும் மைனஸும் மாறியதால் மோட்டார் தலைகீழாகச் சுற்றி, எஞ்சின் சூட்டை வெளியே ஊதிக்கொண்டிருந்தது. ஏசி போட்டால் ஃபேன் நிற்காமல் ஓடும். பைபாஸில் வரும் எதிர்க்காற்றோடு அது மல்லுக்கட்டியிருக்கிறது.

ஒயரை மாற்றி இணைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து முந்தைய நாள் தாளைக் கிழித்து கிரில்லுக்கு நேராகப் பிடித்தேன். படக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

நடந்ததை மறைக்காமல் சொல்லி, கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து ராசிபலனைப் படிக்க ஆரம்பித்தார். "நேத்தே போட்டிருக்கான் பாரு தம்பி, வீண் அலைச்சல்னு."