நியூ ஜெர்சியில் 'பயாஸ்' புகார் கொடுத்த கதை

ராத்திரியோடு ராத்திரியாக யாரோ எங்கள் கராஜ் கதவில் ஸ்ப்ரே பெயின்டால் ஊரைப் பார்த்துப் போகச் சொல்லி எழுதி, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையையும் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, நாலு பேர் பார்ப்பதற்குள் கழுவிவிடலாம் என்று பக்கெட்டோடு வந்துவிட்டார். அவரைத் தடுத்து, கிட்டே போயும் தள்ளி நின்றும் போட்டோ எடுத்த பிறகுதான் போலீஸைக் கூப்பிட்டோம்.

வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார், ஆனால் பொருட்சேதம் என்று மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். இதை பயாஸ் சம்பவமாகவும், அதாவது இனம், மதம் பார்த்து வெறுப்பில் செய்ததாகவும், பதியுங்கள் என்று கேட்டேன். முந்தின வாரம் அம்மா வாசலில் கோலம் போடும்போது, காரில் போன ஒரு பையன் அவர் பொட்டைக் காட்டிக் கத்தியதையும் சொன்னேன், மென்று விழுங்காமல், அவன் சொன்ன அதே வார்த்தைகளில். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வார்த்தைகள்தான் கேஸே. இனம், மதம், பூர்வீக நாடு போன்ற காரணத்துக்காகக் குறிவைத்துச் செய்தது என்று நிரூபித்தால், இந்த மாநிலத்தில் குற்றத்தின் தரம் ஒரு படி ஏறும். நமக்கு அப்படித் தோன்றியது என்பது மட்டும் போதாது, 2015-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்புறம் நூலகத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் போனேன். மிரட்டலோ சேதமோ இல்லாத வெறும் வசவு பேச்சுரிமைக்குள் வந்துவிடும், குற்றமாகாது. இருந்தாலும் மாநிலத்தின் பயாஸ் புகார் எண்ணான 1-800-277-2427-க்குச் சொல்லுங்கள், கணக்கிலாவது வரும் என்றார்கள். பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள் (இலவச சமோசா வேறு). பின்வரிசையிலிருந்து ஒரு குஜராத்திப் பெரியவர் எழுந்து 1987-ஐப் பற்றிப் பேசியதும்தான் நிமிர்ந்தார்கள். ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்று, நம் பொட்டை வைத்தே பெயர் சூட்டிக்கொண்ட கும்பல் இந்தியர்களை மிரட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. அந்த வருடம்தான் நவ்ரோஸ் மோடி என்ற இந்தியரைப் பக்கத்து ஹோபோக்கனில் அடித்தே கொன்றார்கள்.

எங்கள் விஷயத்தில் ஆள் இன்னும் சிக்கவில்லை, கேமராவில் ஹூடி மட்டும்தான் தெரிகிறது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்டது அதைத்தான்.