ஆறாவதாக வந்த பெண்

சனிக்கிழமை கலிஃபோர்னியாவின் பெல்மான்ட் ஊரில், கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் திடலில் நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் (மேடு பள்ளமான வெளிப்பாதையில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) என் மகள் படிக்கும் பள்ளியின் பெண்கள் அணி மூன்றாம் இடம் பிடித்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டவுடன் மதுரையிலிருந்து அக்கா கேட்டாள்: "பாப்பா எத்தனாவதா வந்தா?" 27 என்றேன். "பரவால்ல, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னாள். ஆறுதலுக்கு அங்கே வேலையே இல்லை. அதை அவளுக்குப் போனில் விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதன்மை அணி ஓடும் ஓட்டத்தில் ஒரு பள்ளிக்கு ஏழு பேர். அவர்களில் முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ, அந்த எண்களின் கூட்டுத்தொகைதான் அணியின் புள்ளி. யாருக்குக் குறைவோ அவர்களுக்கு வெற்றி. ஒரே பள்ளியின் ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே போகவே முடியாது. ஆறாவது, ஏழாவது பிள்ளைகளின் எண் கணக்கில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்திவிட்டால் அவளுடைய எண் ஒன்று ஏறும், அந்த அணியின் புள்ளியும் ஏறும். ஆகவே ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டில் ஜெயிக்க வழியில்லை. முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் எத்தனை வினாடி இடைவெளி என்பதைத்தான் எங்கள் கோச் ஒவ்வொரு ஓட்டத்திலும் குறித்து வைப்பார்.

கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. புல்வெளி என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் மண் பாதை. அக்டோபரில் மழை இன்னும் தொடங்கியிருக்காது. நூறு பிள்ளைகள் ஒன்றாகக் கிளம்பினால் கடைசியில் ஓடுபவளுக்கு முன்னால் புழுதிதான் தெரியும். தூரம் 2.95 மைல். மாநிலப் போட்டி நடக்கிற ஃபிரெஸ்னோ உட்வர்ட் பார்க்கில் 5 கிலோமீட்டர், அதாவது 3.1 மைல். அதனால் இங்கே ஓடிய நேரத்தை வேறு இடத்து நேரத்தோடு ஒப்பிடவே முடியாது. இதே மண்ணில், இதே மேட்டில் ஓடியவர்களோடு மட்டும்தான் ஒப்பிடலாம். எனக்கு இந்தத் திடலில் பிடித்ததே அதுதான்.

எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி, ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்பார்கள். அவளுக்குப் பதிலாக ஜேவி எனப்படும் இரண்டாம் நிலை அணியிலிருந்து பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கோச் ஏற்றிவிட்டிருந்தார். அவளுக்கு இதுதான் முதல் வார்சிட்டி ஓட்டம். சட்டையில் மாட்டும் எண் அட்டைக்கு (பிப்) ஊக்கு குத்தும்போது அவள் கை நடுங்கியது. என் மகள் வாங்கி நான்கு மூலையிலும் குத்திவிட்டாள், பின்பக்கம் இருக்கிற, நேரத்தைப் பதியும் சிப் மடங்காமல் பார்த்து. முதல் மைலில் யாரையும் துரத்த வேண்டாம், மேட்டில் ஆரம்பித்தால் போதும் என்று மட்டும் கோச் அவளிடம் சொன்னார்.

துப்பாக்கி வெடித்தது. வழக்கம்போலப் பெற்றோர் கூட்டம் குறுக்கு வழியில் ஓடி, அடுத்த திருப்பத்தில் போய் நின்றது. இரண்டு மைலைத் தாண்டிய ஏற்றத்தில் நான் நின்று எண்ணினேன். எங்கள் முதல் பெண் ஒன்பதாவது. என் மகள் இருபத்தைந்துக்குப் பக்கத்தில், தாடையை இறுக்கிக்கொண்டு. புதுப் பெண் வரும்போது எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் அவள் ஓடிய விதத்தைப் பார்க்க வேண்டுமே! மற்றவர்கள் மேட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் அடியைச் சின்னதாக்கி, கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்னால் போகிறவளின் பின்னலையே பார்த்தபடி ஏறினாள். ஒருத்தியைத் தாண்டியதும் பார்வை அடுத்த பின்னலுக்குப் போனது. கெண்டைக்காலில் வியர்வையும் புழுதியும் சேர்ந்து பூசின மாதிரி இருந்தது. என் கண் முன்னாலேயே ஐந்து பேரைத் தாண்டினாள். நான் என் மகளை விட்டுவிட்டு இவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

முடிவில் எங்கள் ஐவர் பிடித்த இடங்கள் 8, 14, 19, 27, 33. மொத்தம் 101. போனில் ரிசல்ட் வந்தபோது இன்னொரு பள்ளிக்கும் அதே 101: 3, 11, 22, 30, 35. மூன்றாம் இடத்துக்கு இரண்டு அணிகள். இப்படிச் சமமாக வந்தால், யாருடைய ஆறாவது ஆள் முன்னால் வந்தாளோ அந்த அணிக்குத்தான் இடம். அவர்களுடைய ஆறாவது பெண் 41. எங்களுடையவள் 38.

கூடாரத்தின் கீழே உட்கார்ந்து அவள் ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது, "ஆறாவது ஆளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களே?" என்று கேட்டாள். அதற்குள் மற்ற ஆறு பேரும் அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது காரில் என் மகள் சொன்னாள்: "கடைசி நேர்ப்பாதையில ரெண்டு பேர் என்னைத் தாண்டிட்டாங்கப்பா. ஒருத்தியை மட்டும் விடாம இருந்தா நமக்கு 100. டை-யே ஆகியிருக்காது." சரியான கணக்கு. அவள் வருத்தத்தோடு சொல்லவில்லை. அடுத்த ஓட்டத்தில் எங்கே முடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே சொன்னாள். இந்தக் கணக்கு மனதில் ஏறிய பிள்ளை 27-ஆவதாக வந்தாலும் 26-ஆவது ஆளை விடமாட்டாள். அணியின் முதல்–ஐந்தாவது இடைவெளி இந்த முறை ஒரு நிமிடம் 48 வினாடி. போன மாதம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் இருந்தது. கோச் முகத்தில் கோப்பையைவிட அந்த எண்ணுக்குத்தான் சிரிப்பு வந்தது.

கால் வலிக்காரப் பெண் இப்போது நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் ஓடிப் பயிற்சி எடுக்கிறாள். எங்கள் வட்டாரப் பள்ளிகளின் இறுதிப் போட்டியான லீக் ஃபைனல்ஸுக்குள் திரும்பிவிடுவாள் போலிருக்கிறது. அப்போது ஏழு இடத்துக்கு எட்டுப் பேர். செவ்வாய்க்கிழமை மேட்டுப் பயிற்சியைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகக் கோச் சொல்லியிருக்கிறார். இந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.