‘இனி வராது’ என்று சொன்னேன்

அந்த ஆம்னி வேன் அண்ணாச்சி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறப்போகும்போது சொன்னது இது: “முன்னாடி சீட்டுல உக்காருத பிள்ளைய ரெண்டும் ஒரு வாரமா தலைவலிங்குதுவ தம்பி. வெயிலாக்கும்னு நெனச்சேன். சரி, இனி வராதுல்லா?”

நான் கையைத் துடைத்துக்கொண்டே “இனி வராது அண்ணாச்சி” என்றேன்.

நான் சொன்னது சத்தத்தை. அவர் என் பட்டறைக்கு வந்ததே வேன் சைலன்சர் சத்தத்துக்காகத்தான். “டிராக்டர் மாதிரி கத்துது, சத்தம் மட்டும் நின்னா போதும், காலைல ஸ்கூல் ட்ரிப்பு இருக்கு” என்று சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து நின்றார். அதனால் என் மனதில் சத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது சத்தத்தையா, தலைவலியையா என்று அவர் போய் பத்து நிமிடம் கழித்து, ஷட்டரை இறக்கும்போதுதான் உறைத்தது.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. இதை எத்தனை முறை எனக்கே சொல்லியிருப்பேன். வண்டிக்கு அடியில் படுத்தபடியே ஆர்க் வெல்டிங்கில் நாலு பொட்டு வைத்து அனுப்பியிருக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சைலன்சர் பைப்பைக் கழற்றினேன். நட்டெல்லாம் துருவில் இறுகிப்போய், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒன்றை உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியில் எடுத்து வயர் பிரஷ் போட்டால், கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை கட்டைவிரல் அகலம். அதைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பார்த்தேன். ஒரு ஜாண் தூரத்துக்குத் தகரம் ‘டப் டப்’ என்று செத்த சத்தம் கொடுத்தது. ஒரு இடத்தில் முனை உள்ளேயே இறங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கம் இது சாதாரணம். தூத்துக்குடியில் உப்புக்காற்று வெளியில் இருந்து தின்னும், வண்டியின் சொந்தத் தண்ணீர் உள்ளிருந்து தின்னும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். தூரம் ஓடுகிற வண்டியில் பைப் நன்றாகச் சுட்டு, அது ஆவியாகவே போய்விடும். வீடு வீடாக நின்று நின்று பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் பைப் முழுச் சூடு ஏறுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கித் துரு பிடிக்கும்.

“பைப்பையே மாத்திருவோம் அண்ணாச்சி, இது தாங்காது” என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். “மாசம் பொறக்கட்டும் தம்பி, வேன் பீஸ் கைக்கு வரட்டும்” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் வண்டி ஓடவில்லையென்றால் பத்துப் பிள்ளைகள் தெருவில் நிற்கும்.

சரி என்று அழுகின இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, தகரத்தை வளைத்து வைத்து, கேஸ் வெல்டிங்கில் சுற்றி ஒட்டினேன். தகரம் மெலிசு, சுடரை ஒரு நொடி கூடுதலாகக் காட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும். ஒரு முனையைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, மறுமுனையில் கம்ப்ரஸர் காற்று விட்டு, பஞ்சர் பார்க்கிற மாதிரி தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். ஒரு ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு முத்து முத்தாகக் குமிழ் வந்தது. மறுபடியும் காயவைத்து அதையும் அடைத்தேன். இரண்டாவது முறை குமிழ் இல்லை.

மாட்டும்போதுதான் அது நடந்தது. பைப் எஞ்சின் பக்கம் சேரும் ஃபிளாஞ்சில், அதாவது போல்ட் போட்டு இறுக்கும் இடத்தில், புகை கசியாமல் இடையில் வைத்திருக்கும் கேஸ்கட் கையோடு பிய்ந்து வந்தது. மணி ஒன்பதாகிவிட்டது, ஸ்பேர் கடை எதுவும் திறந்திருக்காது. பிய்ந்ததைச் சேர்த்து வைத்து, பேஸ்ட் தடவி, போல்ட்டை இறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பின்னால் வால் பைப்பை ஈரச்சாக்கால் பொத்திக் காது வைத்துக் கேட்டேன். ‘சிஸ்’ என்று எதுவும் கேட்கவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். மெயின் ரோட்டில் உப்பு லாரி போய்க்கொண்டே இருந்தது.

இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. அதுவரை ஓட்டை கத்திக்கொண்டிருந்தது, கத்தினதால்தான் அண்ணாச்சி வந்தார். நான் கத்தலை நிறுத்திவிட்டேன். அந்த கேஸ்கட் வழியாகக் கொஞ்சம் கசிந்தால் இனி யாருக்கும் தெரியாது. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழேதான், மேலே ஒரு மூடி, அதைச் சுற்றி ஒரு ரப்பர். அந்த ரப்பர் எப்படி இருக்கிறது என்று சீட்டைத் தூக்கி நான் பார்க்கவில்லை. பெட்ரோல் வண்டிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம். பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் ஏறும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும்.

புகைச் சான்றிதழ் எடுத்த வண்டிதான். ஆனால் அந்தச் சோதனையில் கம்பியை வால் நுனியில்தான் விடுவார்கள். நடுவில் ஒழுகுவதை அது சொல்லாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் புது கேஸ்கட் வாங்கி வைத்தேன். அவர் நம்பர் என்னிடம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கலாம், அது ஒன்றும் தூரமில்லை. போனால் என்ன சொல்வது? “நேத்து பார்த்த வேலையில எனக்கே நம்பிக்கை இல்ல” என்று பெற்றோர்கள் நடுவில் சொன்னால், அந்த மனிதர் பிழைப்பு என்ன ஆகும்? அவருக்காகத்தான் போகவில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். என் பட்டறைப் பெயருக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது. தலைவலி வெயிலால் வந்ததாகவே இருந்திருக்கலாம். சித்திரை வெயில்தான் அது. அந்த வண்டி அப்புறம் என்னிடம் வரவில்லை. சரியாக இருந்ததால் வரவில்லையா, வேறு இடத்தில் பைப்பை மாற்றிவிட்டாரா, தெரியாது.

இப்போதெல்லாம் சத்தம் என்று எந்த பெட்ரோல் வேன் வந்தாலும், ஜாக்கி போடும் முன்னாடியே “உள்ள இருக்கவங்க யாருக்காவது தலை வலிக்கா?” என்று கேட்கிறேன். வந்தவர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு நான் கேட்காமலேயே அண்ணாச்சி சொன்னார்.