நத்தார் கேக்கும் நட்சத்திரக் கூடும்: யாழ்ப்பாணத்து மார்கழி வேலைகள்

கல்லூரியில் கரோல் ஆராதனை முடிந்து மூன்றாம் தவணை விடுமுறை விடுகிற நேரத்தில், ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் நத்தார் கேக் அநேகமாக ரின்னுக்குள் போயிருக்கும். அந்த ஆராதனையின் ஒன்பது வேத வாசிப்புகளில் முதலாவதை ஆகச் சின்ன வகுப்புப் பிள்ளையும் கடைசியை அதிபரும் வாசிப்பதும், மெழுகு கையில் ஒழுகாமல் மெழுகுதிரிக்கு மட்டை வளையம் கோர்ப்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டில் நடந்த வேலைகளை யாராவது எழுதிவைக்க வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகள் அம்மம்மாவின் கேக்கைக் கேட்கிறார்கள். கைப்பக்குவம் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே போகிறார்கள்.

வேலை கார்த்திகை (நவம்பர்) கடைசியில், நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சித் தோசி செய்வதோடு தொடங்கும். தோலும் விதைப்பஞ்சும் நீக்கி, இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, முள்ளுக்கரண்டியால் எல்லாப் பக்கமும் குத்தி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். சுண்ணாம்புதான் துண்டுகளைக் கரையாமல் பிடித்துவைக்கிறது. பிறகு நாலைந்து தண்ணீரில் அலசாவிட்டால் தோசி கைக்கும். வெறும் தண்ணீரில் அவித்து, வடித்து, சீனிப்பாகில் கண்ணாடிபோல வரும்வரை காய்ச்சிப் பன்னீர் விட்டு இறக்குவார்கள். வெளிநாட்டில் சீனக் கடைகளில் நீற்றுப்பூசணி கிடைக்கிறது. கடையில் விற்கும் தோசி வெறும் சீனிக்கட்டி. நேரம் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யுங்கள்.

எங்கள் கேக்குக்கு ரவைதான் அடிப்படை. 25 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு ஒன்றுக்கு ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 400 கிராம், முட்டை மஞ்சள் கரு 12, வெள்ளைக் கரு 6. பழவகையில் சுல்தானா 500 கிராம், பிளம்ஸ் 250, கஜு 250, பூசணித் தோசி 500, பாகில் ஊறிய சவ்சவ் 250, பாகில் ஊறிய இஞ்சி 100. இவற்றையெல்லாம் கத்தியால் பொடியாக வெட்ட வேண்டும். அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் பழம் களியாகிக் கேக் கறுத்து இறுகிவிடும். வெட்டும் வேலைக்குத்தான் வீட்டில் எல்லோரும் வேண்டும். மாமிமாரும் மச்சாள்மாரும் பாயில் சுற்றி இருந்து வெட்டுவார்கள்; ஊர்க்கதை முழுக்க அங்கேதான். கஜுவைத் தவிர்த்து, வெட்டியதை ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய்த் தூளும் இரண்டு மேசைக்கரண்டி தேனும் கால் கோப்பை பிராண்டியும் சேர்த்து இரண்டு கிழமை மூடிவைக்கலாம். கஜுவைச் சுடும் நாளில் சேர்த்தால் கடிபடும்.

சுடுவதற்கு முதல் நாள் இரவு ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, நிறம் மாறுமுன் இறக்கி, பட்டரோடு பிசைந்து மூடிவைக்க வேண்டும். இந்த ஊறல்தான் கேக்கின் உயிர். ஊறாத ரவை வெந்த பிறகும் பல்லில் மணலாக நெறுநெறுக்கும். மறுநாள் மஞ்சள் கருவும் சீனியும் வெளிறித் தடிக்கும்வரை அடித்து, ரவையைச் சேர்த்து, பழங்களைக் கலந்து, றோஸ் எசன்ஸ் ஒரு தேக்கரண்டி விட வேண்டும். அதற்குமேல் விட்டால் வேறெந்த வாசமும் தெரியாது. கடைசியாக நுரைக்க அடித்த வெள்ளைக் கரு. அதைப் போட்ட பிறகு கரண்டியால் மெல்லப் புரட்டுவதோடு நிறுத்துங்கள். அடித்தால் காற்றெல்லாம் போய்விடும், பேக்கிங் பவுடர் இல்லாத கேக்குக்கு வேறு தாங்கல் கிடையாது.

தட்டுக்குள் நாலு மடிப்புப் பத்திரிகைத் தாள், அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்த் தாள். 140 பாகையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். காற்றாடி உள்ள அடுப்பென்றால் 120. மேல் சீக்கிரம் சிவந்தால் தாளால் மூடுங்கள். ஈர்க்கால் குத்திப் பார்த்தால் பழம் ஒட்டத்தான் செய்யும். பச்சை மா ஒட்டினால்தான் வேகவில்லை. ஓரம் தாளை விட்டு விலகுவது நல்ல அடையாளம்.

ஊரில் பலர் தட்டைப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பாண் சுட்டு முடிந்த பிறகு, விறகுப் போறணையில் மிஞ்சிய சூடு இந்தக் கேக்குக்கு அளவான சூடு. 1990 இற்குப் பிறகு, போரால் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருடங்களில், பெரிய சட்டியில் மணல் பரப்பித் தட்டை வைத்து, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டார்கள். மேல் தணல் கூடினால் மேற்பக்கம் கருகி நடு பச்சையாகக் கிடக்கும். பட்டருக்கு மாஜரீன், பிளம்ஸுக்குப் பேரீச்சம்பழம். 1995 ஒக்ரோபர் 30 போரால் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த பிறகு வந்த நத்தாரில், குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில் விறாந்தைகளில் இருந்தவர்களிடம் தட்டுமில்லை, சட்டியுமில்லை.

நட்சத்திரக் கூடு ஆண்பிள்ளைகளின் வேலையாக இருந்தது. பெண்பிள்ளைகள் கட்டினால் இன்னும் வடிவாக வரும் என்பது என் அபிப்பிராயம். 60 சென்ரிமீற்றர் மூங்கில் தடி 10, குறுக்குத் தடி 5. ஒவ்வொரு நீளத்தடியிலும் இரு நுனியிலிருந்தும் 23 சென்ரிமீற்றரில் கோடு போடுங்கள். நடுவில் 14 மிஞ்சும். ஐந்து தடியை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்து, கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கிற இடத்தில் கட்டினால் நட்சத்திரம் தானாக நேராகும். இரண்டு நட்சத்திரங்களை முதுகோடு முதுகு வைத்து ஐந்து நுனிகளையும் கட்டி, உள்ளே ஐந்து சந்திகளிலும் 12 சென்ரிமீற்றர் குறுக்குத் தடியைச் செருகுங்கள். கூடு புடைத்துக்கொள்ளும். கோடு போடாமல் கட்டுகிறவர்களுடையதுதான் கோணும். மார்கழி மழைக்கு ரிசுத்தாள் ஒரு நாளும் நிற்காது. எண்ணெய்த் தாளே ஒட்டுங்கள்.

நத்தார் மரத்துக்குச் சவுக்கங்கொப்பை மணல் வாளியில் நட்டு, பஞ்சைப் பனியென்று தூவுவது ஒரு மணி நேர வேலை. ஈரமணல் என்றால் கொப்புச் சாயாது.

அயலுக்குக் கொடுக்கும் தட்டில் கவனம் வேண்டும். விநாயகர் விரதமும் திருவெம்பாவையும் இதே நாட்களை ஒட்டி வருவதால், சைவ வீடுகளுக்குக் கேக் போகாது. முட்டை சேராத பயற்றம் பணியாரமும் முறுக்கும் கதலிப் பழமும் வைத்து, புது எண்ணெயில் சுட்டதென்று சொல்லிக் கொடுப்பார்கள். பயற்றம் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பூவை ஈரம் துளியும் இல்லாமல் பொன்னிறமாக வறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்குளிரில் இரண்டாம் நாளே உள்ளே சிக்குப் பிடித்துவிடும். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடுதான் வரும்.