பசி மருந்துக்கு முன்னும் பின்னும்

கிண்ணத்தை முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகிற பூனைக்குப் பெரும்பாலும் குமட்டல். ஓடி வந்து ஒரு வாய் கவ்வி, தலையைச் சாய்த்துக் கீழே போட்டுவிடுகிற நாய்க்குப் பசி இருக்கிறது, வாய்தான் வலிக்கிறது. இரண்டையும் கொண்டுவருபவர்கள் சொல்வது ஒன்றே: "சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர், பசிக்கு ஏதாவது கொடுங்க." குமட்டலையும் வலியையும் அடக்காமல் பசியை மட்டும் கிளப்பிவிடுவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. குடலில் அடைப்பு இருந்தால் ஆபத்தும்கூட. அதனால் வாய், வயிறு, ரத்தப் பரிசோதனை முதலில். தேவைப்பட்டால் மரோபிடண்ட் போன்ற, வாந்தியை நிறுத்தும் மருந்து. பசி மருந்து அதற்குப் பிறகு.

அதற்காக நாட்களைக் கடத்தவும் கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் படியத் தொடங்கலாம். காதின் உட்புறமோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால் பசி மருந்தை மட்டும் நம்பியிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

பூனைக்கு அதிகம் எழுதப்படுவது மிர்டாசபைன். மனிதர்களுக்கான மனச்சோர்வு மருந்து இது. முன்பு 15 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கை மூன்று நாளுக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். இப்போது எட்டில் ஒரு பங்கு, சுமார் 1.9 மில்லிகிராம்தான்; சிறுநீரக நோய் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எட்டாக உடைக்கும்போது துண்டுகள் சமமாக வராது. அளவு கூடினால் பூனை ஓயாமல் கத்தும், நிலைகொள்ளாமல் நடக்கும், நடுங்கும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற களிம்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. 3.8 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்கினால் 2 மில்லிகிராம். அதைக் காது மடலின் உள்பக்கம், தினம் ஒரு காதாக மாற்றி, கையுறை போட்டுத் தடவ வேண்டும். இரண்டு மணி நேரம் அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது.

மிர்டாசபைனோடு இன்னொரு பசி மருந்தான சைப்ரோஹெப்டடினைச் சேர்த்துக் கொடுப்பது வீண். முன்னது மிகையானால் முறிக்கப் பயன்படுவதே பின்னதுதான். பதற்றத்தைத் தணிக்கும் டயசிபாமை வாய்வழி கொடுத்த பூனைகளில் கல்லீரல் அழிந்துபோனதுண்டு. பசிக்காக அதை எடுக்கவே வேண்டாம்.

நாய்க்கு கேப்ரோமோரலின். வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் போல வேலை செய்கிறது. கிலோவுக்கு 3 மில்லிகிராம், தினம் ஒருமுறை. திரவத்தில் மில்லிக்கு 30 மில்லிகிராம் என்பதால் 10 கிலோ நாய்க்கு 1 மில்லி. நாள்பட்ட சிறுநீரக நோயால் இளைக்கும் பூனைக்கான திரவம் வேறு: மில்லிக்கு 20, கிலோவுக்கு 2 மில்லிகிராம். இரண்டிலும் கிலோவுக்கு 0.1 மில்லிதான் வருகிறது. நாயின் புட்டியை எடுத்துப் பூனைக்குக் கொடுத்தால் சிரிஞ்சில் தவறு தெரியாது, மருந்து மட்டும் ஒன்றரை மடங்கு போயிருக்கும். சர்க்கரை நோய் உள்ள பிராணிக்கு ரத்தச் சர்க்கரை ஏறலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்த மருந்தையும் உணவில் கலக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஒரே விருப்ப உணவும் கசந்துபோகும்.

"கொஞ்சம் சாப்பிட்டுச்சு" என்பது எங்களுக்குப் போதாது. எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஒரு நாளுக்கான அடிப்படைக் கலோரி கிடைக்கும். 4 கிலோ பூனைக்கு 190. கிண்ணத்தை வைக்கும்போதும் எடுக்கும்போதும் தராசில் நிறுத்து எழுதுங்கள். பல நாள் பட்டினி கிடந்திருந்தால் முதல் நாள் இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். திடீரென நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்துவிடும்.

மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் பாதியைத் தொடவில்லை என்றால் அடுத்தது உணவுக்குழாய்க் குழல். பலர் இதற்கு அஞ்சி, சிரிஞ்சால் வாயில் திணிக்கிறார்கள். அப்படித் திணித்த உணவைப் பூனை பிறகு கண்டாலே விலகும். கழுத்து வழியே வைத்த குழலோடு அது தானாகவும் சாப்பிடலாம். குழலில் எதுவும் கொடுக்காமலே எடை நிலையாக நின்ற பிறகுதான் அதை எடுப்போம்.